சந்தேகத்தின் பலன்

ஜூன் 12, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. கடைசி யூனிஃபார்ம் இன்று காலைதான் போனது. இனி ஆடி வரைக்கும் வேலை மந்தம்தான் என்று நினைத்துக்கொண்டே மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருவன் வந்து நின்றான். தாடி, கண்ணாடி, முழங்கால் வரைக்கும் சேறு.

"அக்கா, நீங்கதானே செண்பகம் டெய்லர்? ஒரு சினிமாவுக்குத் துணி தைக்கணும்."

பெயர் நவநீதன். ஈரோட்டுப் பக்கம். அவன்தான் டைரக்டர், இதுதான் முதல் படம். பெரிய நடிகர், பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. நண்பர்கள் சேர்ந்து எடுக்கிறார்களாம். எங்கள் தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும் அரிசி ஆலை ஆபீஸைப் பிடித்திருக்கிறார்கள். ஆழ்வார்குறிச்சிக்குச் சினிமா வருவது இதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். தொண்ணூறுகளில் நடக்கும் கதை. பஃப் கை ஜாக்கெட், பெரிய காலர் சட்டை, முன்மடிப்பு வைத்த பேன்ட் எல்லாம் வேண்டும்.

"என்ன கதை தம்பி?"

"நிஜமா நடந்ததுக்கா. திருச்செந்தூர் பக்கம் புளியமங்கலம்னு ஒரு ஊர். அங்க ஒரு டைப்பிங் டீச்சரைக் கொன்னுட்டாங்க. கடைசி வரைக்கும் யாருன்னு கண்டுபிடிக்கவே இல்ல. அந்தக் காலத்துல எல்லாப் பத்திரிகையிலயும் வந்துச்சு. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

இல்லை என்றேன். தைத்துத் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் மகள் அபியின் பாவாடைக்கு ஓரம் அடிக்கும்போது ஊசி உடைந்துவிட்டது. பழைய ஊசி.

ஜூன் 13, செவ்வாய்

இரவெல்லாம் சாரல். தூக்கமில்லை. கொசு.

ஜூன் 14, புதன்

என் வீட்டுக்காரர் மினி பஸ் டிப்போவிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"துணியத் திருப்பிக் குடுத்துரு, ஏட்டி. வேற டெய்லரா இல்ல ஊருல?"

"வேல வந்தா வேண்டாம்னு சொல்லுவாவளா?"

"அந்தப் படத்துக்கா?"

"என்ன எடுக்காவன்னு பாக்கணும்லா."

"பாத்து?"

நான் மோர் எடுக்கப் போய்விட்டேன்.

இந்த டைரியில் இதுவரை துணி அளவும் அபியின் காய்ச்சலும்தான் எழுதியிருக்கிறேன். இதை எழுதலாமா என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதினால்தான் என்ன? வீட்டில் இதைப் படிக்கிறவர் யாருமில்லை.

எஸ்தர் டீச்சர் புளியமங்கலம் மெயின் ரோட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. அப்பா மைக் செட் வைத்திருந்தார், வயரிங் வேலையும் செய்வார். ஒரு சனிக்கிழமை இன்ஸ்டிடியூட்டில் ஃபேன் சரி செய்யப் போனார். அன்று சாயங்காலம் டீச்சரை அந்த அறையிலேயே பிணமாகக் கண்டெடுத்தார்கள். கடைசியாக உள்ளே போனவர் அப்பாதான் என்று சொன்னார்கள். போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. இரண்டு வருஷம் கழித்துக் கோர்ட் "சந்தேகத்தின் பலனை அளித்து" விடுதலை செய்தது. அப்பா வெளியே வந்தபோது பலன் அவருக்கு வந்தது, சந்தேகம் அவரோடேயே வீட்டுக்கு வந்தது. கல்யாண வீடு, கோயில் கொடைத் திருவிழா எதற்கும் யாரும் மைக் செட் கேட்டு வரவில்லை. ஊரை விட்டோம். அம்மா போய்ச் சேர்ந்தாள். என் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா எங்களோடு இங்கே வந்துவிட்டார். இந்த ஊரில் அவர் மிக்ஸி ரிப்பேர் செய்யும் ஆவுடையப்பன் தாத்தா. அவ்வளவுதான். அபிக்குக்கூடத் தெரியாது.

கடையை பஜாரில் போடாமல் வீட்டு முன்னறையிலேயே வைத்திருக்கிறேன். அபி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டில் இருப்பது வசதி. அப்பா இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பாள். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று சொல்வேன்.

ஜூன் 17, சனி

ஷூட்டிங் நடக்கும் ஆலைக்குப் போய் எல்லாருக்கும் அளவெடுத்தேன். மொத்தமே பதினைந்து பேர்தான் இருப்பார்கள். லைட் பிடிக்கிறவரே சாப்பாடும் பரிமாறுகிறார். போலீஸ் சட்டை ஒன்று போதும் என்றார்கள். "கதையில ரெண்டு போலீஸ் வாராவளே?" என்று கேட்டேன். "இன்னொருத்தர் தூரத்துல இருட்டுல நிப்பாருக்கா" என்றான் நவநீதன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எலெக்ட்ரீசியனாக நடிப்பவர் இருதயராஜ். மதுரையில் நாடகக்காரர், நாற்பது வயதிருக்கும். நல்ல மனுஷன். கையைத் தூக்கி நின்றுகொண்டு அளவு முடியும்வரை பாட்டு முணுமுணுத்தார்.

"கடைசியில யாருண்ணே கொலைகாரன்?" என்று கேட்டேன்.

"வேற யாரு? நான்தாம்மா!" என்று மார்பைத் தட்டிச் சிரித்தார். "படம் முழுக்க நான் அப்பாவி மாதிரி வருவேன். கடைசியில காட்டுவாங்க பாருங்க, அப்படியே வெலவெலத்துப் போயிருவீங்க."

தோள் அளவை எழுதியிருந்தேன். ஆனாலும் டேப்பை வைத்து மறுபடி அளந்தேன்.

ஜூன் 18, ஞாயிறு

இட்லி மாவு புளித்துவிட்டது. அபிக்குப் பேன் பார்த்தேன். அப்பா பக்கத்து வீட்டு கிரைண்டரைச் சரி செய்து கொடுத்தார். வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 19, திங்கள்

இருதயராஜின் சட்டை முடிந்தது. வெளிர்நீலம். இஸ்திரி போட்டு ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தேன். அப்பா மிக்ஸி ஜாருடன் உள்ளே வந்தவர் அப்படியே நின்றார்.

"யாருக்கு இது?"

"சினிமாக்காரவியளுக்கு."

"என்ன வேசம்?"

"எலெக்ட்ரீசியன்."

கிட்டே போய்ச் சட்டைப் பையில் விரலை விட்டார். உள்ளே ஒரு சின்னப் பை வைத்திருந்தேன், டெஸ்டர் சாயாமல் நிற்பதற்கு. யாரும் அதைக் கேட்கவில்லை. தைக்கும்போது கை தானாக வைத்துவிட்டது.

"உங்கம்மா இப்படித்தான் வச்சுத் தைப்பா" என்றார். விரலை வெளியே எடுத்துக்கொண்டு, "புளியமங்கலம் கதையா?"

"ம்."

திட்டுவார் என்று நினைத்தேன். அழுவாரோ என்றும் பயந்தேன். சட்டையைத் திருப்பி மாட்டினார்.

"காலர்ல பிசிறு தெரியுது. சரி பண்ணு."

ஜாரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். ரிப்பேருக்கு வந்திருந்த இரண்டு மிக்ஸியையும் இன்றைக்கே முடித்துவிட்டார்.

ஜூன் 20, செவ்வாய்

அப்பா ஷூட்டிங் பார்க்கப் போனார். ஆலைக்கு எதிரே வேப்பமரத்தடியில், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். நான் ஜாக்கெட் கொடுக்கப் போனபோது பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காத மாதிரி இருந்தார். நானும்.

ஜூன் 21, புதன்

இன்றும் போனார்.

ஜூன் 22, வியாழன்

இதை நடந்தபடியே எழுத வேண்டும்.

இன்றைக்கு எலெக்ட்ரீசியனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் காட்சி. சட்டை கிழிய வேண்டும், கிழிந்தால் மறுபடி தைக்க வேண்டும். அதனால் ஊசி நூலோடு என்னையும் நிற்கச் சொல்லியிருந்தார்கள். கூட்டத்துக்கு ஆள் போதவில்லை. வேடிக்கை பார்த்தவர்களையே கூப்பிட்டார்கள். நவநீதன் நேராக வேப்பமரத்தடிக்குப் போய், "ஐயா, உங்க முகம் நல்லா இருக்கு, முன்னால வந்து நில்லுங்க" என்று அப்பாவின் கையைப் பிடித்து அழைத்து வந்தான். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எப்படிச் சொல்வது? என்ன காரணம் சொல்வது?

உதவி டைரக்டர் பெண் சத்தமாகச் சொன்னாள். "அவரை ஜீப்புக்குக் கூட்டிட்டு வரும்போது எல்லாரும் கத்தணும். 'கொலைகாரப் பாவி'ன்னு திட்டணும். மண்ணை வாரி எறியணும். உங்க வீட்டுப் பொண்ணைக் கொன்னவன்னு நெனச்சுக்கோங்க."

ஜீப் கிளம்பவில்லை, நான்கு பேர் தள்ளி நிறுத்தினார்கள். அதற்குள் சாரல் வந்துவிட்டது. நவநீதன் சாரலிலேயே எடுக்கலாம் என்றான்.

இருதயராஜைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். நான் தைத்த நீலச் சட்டை. அவர் நன்றாக நடித்தார். தலையைக் குனிந்துகொண்டு, எங்கே கால் வைப்பது என்று தெரியாதவர் போல வந்தார். எல்லாரும் கத்தினார்கள். எங்கள் தெருக்காரர்கள்தான், நாளும் பார்த்துப் பழகிய முகங்கள். அப்படிக் கத்துவார்கள் என்று நான் நினைத்ததில்லை. மண் வந்து விழுந்தது.

அப்பா கத்தவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து, இருதயராஜின் தலையில் போட்டு, மழை படாமல் மூடினார். பிறகு அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு ஜீப் வரைக்கும் கூடவே நடந்தார். ஒரு மண்கட்டி அப்பாவின் முதுகில் பட்டது.

கட் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஜீப் பக்கத்தில் போய் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். கத்தல் தானாக ஓய்ந்தது.

நவநீதன் ஓடி வந்தான். கோபமில்லை, திகைப்புதான். "ஐயா, ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

அப்பா துண்டை வாங்கிப் பிழிந்தார்.

"அன்னைக்கு யாராவது ஒருத்தராவது இப்படி வர மாட்டாவளான்னு பாத்துக்கிட்டே போனேன் தம்பி. யாரும் வரல."

நவநீதனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவன் முகம் மாறியது. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் நூல்கண்டைப் பார்த்தேன்.

அப்பா வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், முதுகில் மண் இருந்தது.

ஜூன் 23, வெள்ளி

காலையிலேயே நவநீதன் வந்தான், கூட இருதயராஜும். இரண்டு பேரும் உட்காரவில்லை. இருதயராஜ் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, நான் படத்தை நிறுத்திடுறேன்" என்றான் நவநீதன்.

"எதுக்கு? எத்தன பேரு பொழப்பு. நிறுத்தாதீங்க."

"பழைய வாரப்பத்திரிகைகளை வச்சுத்தான் கதை எழுதினேன். யாரையும் நேர்ல போய்க் கேக்கல. கடைசியில ஒரு முடிவு இல்லேன்னா யாரு பாப்பாங்கன்னு நெனச்சு, நானாதான் எலெக்ட்ரீசியன்னு வச்சேன். நீங்க உயிரோட இருப்பீங்கன்னு யோசிக்கவே இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நீங்க செய்யலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே மாத்தி எழுதுறேன்."

"இருபத்தஞ்சு வருசமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். நான் சொல்லி என்ன ஆவப்போவுது? கேக்குறவிய நம்பணும்லா."

அவனிடம் பேசியவர் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

காபி ஆறியிருந்தது. சூடு பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஜூன் 25, ஞாயிறு

ஊருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? மூன்று பேர் தைக்கக் கொடுத்த துணியை அவசரமாகத் திரும்பக் கேட்டு வந்தார்கள். ஒருத்தி, "எங்க மதினி தைக்கேன்னு சொல்லிட்டா" என்றாள். அவளுக்கு மதினியே கிடையாது. மாறாக, பூக்காரப் பேச்சியம்மாள் மூன்று ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, "மெதுவாத் தா" என்று சொல்லிப் போனாள். அவள் வருஷத்துக்கு ஒன்று தைப்பதே அதிகம்.

அபி டியூஷனிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். "தாத்தா ஜெயிலுக்குப் போனாவளா?" என்று கேட்டாள். இவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள், "தாத்தா செய்யலல்லாம்மா?"

"சாப்பிட வா, ஆறிப்போவுது" என்றேன்.

இவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியவில்லை.

ஜூன் 26, திங்கள்

அப்பா அறையை விட்டு வரவில்லை. ரசம் சோறு மட்டும் சாப்பிட்டார். மழை இல்லை.

ஜூன் 27, செவ்வாய்

நவநீதன் ஷூட்டிங்கை நிறுத்திவைத்துவிட்டு எங்கோ போயிருக்கிறானாம். எஸ்தர் டீச்சருடைய தங்கச்சியைத் தேடி என்று இருதயராஜ் சொன்னார். ஜெபக்கனி. பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவள். அந்தக் குடும்பம் எங்களை எப்படிச் சபித்திருக்கும் என்று நினைக்காத நாளில்லை. அவர்கள் தெரு வழியாகப் போகக்கூடாது என்று அம்மா என்னைச் சுற்றுவழியில் கூட்டிப்போவாள். அவளை எதற்கு இங்கே கூப்பிட வேண்டும்? இந்தப் பையனுக்கு அறிவிருக்கிறதா?

ஜூலை 1, சனி

பத்தரை மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. நவநீதன் முன்னால் இறங்கினான். பின்னால் வெள்ளைப் பூப்போட்ட சேலையில் ஒரு பெண். தலையில் நரை. அக்காவைப் போலவே நெற்றி. தூத்துக்குடியில் நர்ஸ் வேலை, லீவு போட்டு வந்திருக்கிறாள்.

அப்பா பின்கட்டிலிருந்து வந்தார். அவளைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையும் தெரியும்படி நின்றார். எதற்கு அப்படி நின்றார் என்று எனக்குப் புரிந்தது. இவர் போய் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஜெபக்கனி சொன்னாள், "அண்ணாச்சி, சுகமா இருக்கியளா?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் உங்களத் தேடி உங்க வீட்டுக்கு வந்தேன். நீங்க வெளிய வந்தப்புறம். வீடு பூட்டிக் கெடந்துச்சு. எங்க போனியன்னு ஒருத்தருக்கும் தெரியல."

"எதுக்கும்மா தேடுன?"

"சொல்லத்தான்." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அன்னைக்கு நான்தான் அக்காவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோனேன். நீங்க போயிட்டிய. ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சு. அக்கா சொன்னா, 'ஆவுடையப்பன் அண்ணாச்சி சரி பண்ணிட்டாவ, இப்பப் பாரு காத்த'ன்னு. அந்தக் காத்துலதான் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். மீன் குழம்பு. அப்புறம் நான் தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குத் திரும்புனேன். வழியில பலசரக்குக் கடைக்காரவிய வீட்டுல கல்யாணம். நீங்க ஏணியில ஏறி நின்னு புனல் ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு இருந்திய. பாட்டு போட்டிய. நான் வீட்டுக்குப் போகாம பந்தலுக்கு வெளிய நின்னு பாட்டு கேட்டேன். 'அடுத்து என்ன பாட்டு பாப்பா வேணும்'னு நீங்க கேட்டிய. ஞாபகம் இருக்கா?"

"இல்லம்மா" என்றார் அப்பா.

"எனக்கு இருக்கு. அக்கா செத்துட்டான்னு ஆளுக ஓடி வர்ற வரைக்கும் நான் அங்கதான் நின்னேன். நீங்களும் அங்கதான் இருந்திய. ஒரு நிமிசம் நகரல. நான் இத எங்கப்பாட்ட சொன்னேன். போலீஸ்ட்ட சொன்னேன். சின்னப் பிள்ள, அதிர்ச்சியில ஒளறுதுன்னு எழுதிக்கிடல. கல்யாண வீட்டுக்காரவிய நல்ல காரியத்துல போலீசு கோர்ட்டு வேண்டாம்னு வாயத் தெறக்கல. என்னயக் கோர்ட்டுல ஏத்த அப்பா விடல. நான் நாள் பூரா அழுதேன், அக்காவுக்காக ஒரு பாதி, உங்களுக்காக ஒரு பாதி."

நான்தான் கேட்டேன். இந்த வீட்டில் நான் மட்டும்தான் கேட்டேன்.

"அது எங்கப்பாதான்னு உறுதியாத் தெரியுமா? ஏணியில நின்னது?"

ஜெபக்கனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள்.

"செண்பகம், யாரு செஞ்சதுன்னு தெரியாமலே நான் கண்ண மூடிருவேன் போல. ஆனா யாரு செய்யலன்னு தெரியும். உங்கப்பா செய்யல. நீ நிம்மதியா இரு, என்ன?"

சமையலறைக்குப் போனேன். சாம்பாரில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுவிட்டேன். அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. சத்தம் கேட்டு இவர் ஓடி வந்தார். சிரித்துக்கொண்டே இருந்தேன், பிறகு அவர் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டேன், அது சிரிப்பில்லாமல் போய்விட்டது.

எல்லாரும் அந்தச் சர்க்கரைச் சாம்பாரைத்தான் சாப்பிட்டார்கள். ஜெபக்கனி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள். அப்பா அவளுக்கு அப்பளம் எடுத்து வைத்தார்.

ஜூலை 2, ஞாயிறு

எட்டரை வரைக்கும் தூங்கியிருக்கிறேன். யாரும் எழுப்பவில்லை. எழுந்து வந்தால் அப்பாவும் அபியும் சேர்ந்து உப்புமா கிண்டியிருந்தார்கள். கட்டி கட்டியாக இருந்தது.

ஜூலை 4, செவ்வாய்

லைனிங் துணி தீர்ந்துவிட்டது. தென்காசிக்குப் போய் வாங்கி வந்தேன். அபியை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனேன். கடைத்தெருவில் மூன்று மணி நேரம் சுற்றினேன். வளையல் பார்த்தேன், ஜிகர்தண்டா குடித்தேன், ஒரு கடையில் சும்மா சேலை விரிக்கச் சொல்லிப் பார்த்தேன். அவசரமில்லை.

திரும்பி வந்தபோது இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அபி கையெல்லாம் கறுப்பு. "அம்மா, தாத்தாவுக்கு எல்லாப் பாட்டும் தெரியும்" என்றாள். அப்பாவுக்குக் காதும் நன்றாகத்தான் கேட்கிறது.

இரவு சாப்பாடு போடும்போது அப்பாவிடம் ஏதோ சொல்லவேண்டும் என்று நின்றேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "இன்னொரு கரண்டி ரசம் ஊத்து. பேசாம உக்காந்து நீயும் சாப்பிடு" என்றார்.

உட்கார்ந்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

ஷூட்டிங் மறுபடி ஆரம்பித்து இன்று முடிந்தது. கடைசிக் காட்சியை நவநீதன் முழுக்க மாற்றிவிட்டான். கொலைகாரன் யாரென்று இப்போது படத்தில் வராது. அக்காவும் தங்கச்சியும் மீன் குழம்புச் சோறு சாப்பிடுவதோடு முடிகிறது. அந்தக் குழம்பை நான்தான் வைத்துக்கொடுத்தேன், வேறு யாரும் இல்லை. காட்சி மூன்று முறை எடுத்ததால் நடித்த பெண்கள் மூன்று முறை சாப்பிட வேண்டியதாயிற்று. மூன்றாவது முறை அந்தத் தங்கச்சிப் பெண், "அக்கா, கொஞ்சம் சோறு மட்டும் கம்மியா வைங்க" என்று கெஞ்சினாள்.

துண்டு போட்ட காட்சியை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று நவநீதன் அப்பாவிடம் கேட்டான். அப்பா, "எம்மூஞ்சி தெரியுதா?" என்றார். தெரியும் என்றான். கொஞ்சம் யோசித்தார்.

"வச்சுக்கோங்க."

துணியைத் திரும்பக் கேட்டுப் போன மூவரில் ஒருத்தி இன்று சாயங்காலம் வந்தாள். இல்லவே இல்லாத மதினிக்குக் காய்ச்சலாம். தைத்துத் தருகிறேன் என்றேன், ஆனால் பேச்சியம்மாளுடைய மூன்றும் முடிந்த பிறகுதான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ரொம்ப நாளாக எழுதவில்லை. நடுவில் எழுத வேண்டியது எதுவும் இல்லாமல் நாட்கள் போயின. அதுவே எனக்குப் புதுசு.

இன்றைக்குத் திருநெல்வேலியில் ஒரு ஹாலில் படம் போட்டார்கள். நூறு நூற்றைம்பது பேர் இருந்திருப்பார்கள். எங்கள் நாலு பேருக்கும் முன்வரிசையில் இடம் வைத்திருந்தான் நவநீதன். ஜெபக்கனி அக்கா தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தாள், அப்பாவுக்கு மக்ரூன் வாங்கிக்கொண்டு. போலீஸ் சட்டை ஒன்றுதான் என்று தெரிந்த எனக்கு, அந்த இரண்டாவது போலீஸ் தூரத்தில் நிற்கும்போதெல்லாம் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது. துண்டு போடும் காட்சி வந்தபோது அப்பாவின் பக்கம் திரும்பினேன். நாற்காலியில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். லேசாகக் குறட்டை வேறு. எழுப்பப் போனேன். "விடு, தூங்கட்டும்" என்றாள் ஜெபக்கனி அக்கா.

படம் முடிந்ததும் ஒருவர் எழுந்து, "அப்ப யார்தாங்க கொலைகாரன்?" என்று கேட்டார். நவநீதன், "எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி எடுக்க இருந்தேன், நல்லவேளை தப்பிச்சேன்" என்றான்.

வெளியே வந்ததும் அப்பாவிடம் கேட்டேன், "படம் எப்படிப்பா இருந்துச்சு?"

"ரொம்ப மெதுவாப் போவுது."

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். நல்ல கூட்டம். இலை போட்ட ஆள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போனான், திரும்ப வந்தான். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான், அதுவும் நாலு மேஜைக்குக் கேட்கும்படி.

"அண்ணாச்சி, நேத்து பேப்பர்ல உங்க போட்டோவோட சினிமாப் படம்னு போட்டிருந்தாவளே, டைப்பிங் டீச்சர் கேசு... அதுல வார எலெக்ட்ரீசியன் நெசமாவே நீங்கதானா?"

என் கை பரோட்டாவிலேயே நின்றது. இவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள்.

அப்பா வாயில் இருந்ததை மென்று முடித்தார்.

"ஆமா, நாந்தான்" என்றார். "சால்னா கொஞ்சம் ஊத்துங்க."

அவன் ஊற்றினான், இலை நிறைய. அப்பா சாப்பிட்டார்.